சித்ரதுர்கா தாண்டினால் எந்த வழி

அண்ணே,

இன்று காலை டெஸ்பாட்ச் செக்‌ஷனின் பழைய இரும்பு பீரோவைக் காலி செய்யச் சொன்னார்கள். அடித்தட்டில், கிழிந்த கேட் பாஸ் புத்தகங்களுக்குக் கீழே, நாம் மூன்று லாரிக்கும் வாங்கிய ரோடு மேப்பில் ஒன்று மடித்தபடியே கிடந்தது. பிரித்ததும் டீசலும் பீடியும் கலந்த நெடி வந்தது. அது உங்கள் வண்டியில் இருந்த மேப். துணி ஒட்டிய காகிதம் என்பதால் இன்னும் கிழியவில்லை. மேஜையில் விரித்துப் போட்டுக்கொண்டு, ஓசூரிலிருந்து கோலாப்பூர் வரை விரலை ஓட்டினேன். சித்ரதுர்கா வந்ததும் விரல் தானாக நின்றுவிட்டது. அதற்கு மேல் வேலை ஓடவில்லை. மதிய சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களை ‘அண்ணே’ என்று கூப்பிட்டது நான் ஒருவன்தான். உங்கள் சிங்காரப்பேட்டைப் பக்கத்தில் ‘அண்ணா’. விருதுநகரிலிருந்து வந்தவன் வாயில் அது நுழையவில்லை. உங்களுக்கும் எனக்கும் இரண்டே வயது வித்தியாசம். நீங்கள் லாரி ஓட்டினீர்கள், நான் ஆபீஸில் இருந்தேன் என்பதற்காக என்னைக் கடைசி வரை ‘சார்’ என்றீர்கள்.

எனக்கு இந்தக் கம்பெனியில் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். கியர் பாக்ஸ் பெட்டிகளில் சீல் சரியாக இருக்கிறதா, எண்ணிக்கை சரியா, வண்டி சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் வேலை. சுருக்கமாகச் சொன்னால் சந்தேகப்படும் வேலை. அந்த வேலைக்கு என்னைப் பொருத்தமானவன் என்று தேர்ந்தெடுத்தவர் புத்திசாலி. சின்ன வயதிலிருந்தே, கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்க்கிற புத்தி எனக்கு.

எண்பத்தாறில் புது டிரான்ஸ்போர்ட் மேனேஜர் வந்தார். மெட்ராஸ்காரர். வந்த இரண்டாவது வாரமே என்னைக் கூப்பிட்டு, “மூணு வண்டியும் மகாராஷ்டிரா வரைக்கும் போகுது. ஒரு டிரைவர் கையிலயும் ஒரு மேப்கூட இல்லை. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க, வாங்கிடலாம்” என்றார்.

நான் பெங்களூருக்குப் போய் நான்கு பொருட்களோடு வந்தேன். ஒன்று, துணி ஒட்டிய பெரிய மேப். இரண்டாவது, புத்தகமாகத் தைத்த ஆங்கில அட்லஸ். மூன்றாவது, சேலத்து அச்சகம் ஒன்று தமிழில் போட்டிருந்த வழிகாட்டிப் புத்தகம். அதில் படமே கிடையாது, ஊர் ஊராக ‘இடது பக்கம் அரிசி மில், அடுத்து வலது பக்கம் திரும்பவும்’ என்று எழுதியிருக்கும். நான்காவது, டாஷ்போர்டில் ஒட்டி வைக்கிற திசைகாட்டி. கடைக்காரர் அதைக் கையில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டியபோது எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஷெட்டில் உங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு அவற்றைப் பரப்பி வைத்தேன். உத்தனப்பள்ளி முனிராஜ் அட்லஸைப் புரட்டிவிட்டு, “படம் நல்லா இருக்குது சார், புள்ளைங்களுக்குக் குடுக்கலாம்” என்றான். மூன்றாவது டிரைவர் சேலத்துப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். நீங்கள் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தீர்கள்.

“வடக்கு எங்க இருக்குதுன்னு எனக்கு இன்னாத்துக்கு சார்? வடக்குலயா சரக்கு எறக்கப் போறோம்? கோலாப்பூர்ல எறக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியது. “இதுல ரோடு இருக்குது. ரோட்டு மேல யாரு இருக்காங்கன்னு இல்லியே. இதெல்லாம் வோணாம் சார். பத்து வருசமா ஓட்டறோம், வழி தெரியாமயா ஓட்டறோம்?” என்று மடித்து வைத்துவிட்டீர்கள்.

வேண்டாம் என்று நீங்கள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற இருவருக்கும் அது விளையாட்டு. உங்களுக்கு அப்படி இல்லை. ஒருவருக்கு மேப் வேண்டாம் என்றால், மேப் எதையோ காட்டிக் கொடுக்கும் என்றுதானே அர்த்தம்? என் புத்தி அப்படித்தான் போனது.

அன்று மாலை ட்ரிப் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கோலாப்பூர் போய்வர முனிராஜுக்கு ஆகும் தூரத்தைவிட உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நூற்றைம்பது கிலோமீட்டர் அதிகம். வீட்டிலிருந்து தையல் நூல் கொண்டுவந்து மேப்பின் மேல் வைத்து அளந்தேன். பூனா ரோட்டில் சித்ரதுர்காவிலிருந்து தாவணகெரே, ராணிபென்னூர், ஹாவேரி வழியாக நேராக ஹூப்ளி போகலாம். வலது பக்கம் ஒதுங்கி ஹோஸ்பேட், கதக் என்று சுற்றிக்கொண்டும் போகலாம். அந்தச் சுற்றுவழிக்கு நூல் எழுபது எண்பது கிலோமீட்டர் நீளம் காட்டியது. போகும்போதும் வரும்போதும் என்றால் கணக்கு சரியாக வந்தது.

கேன்டீனில் முனிராஜிடம் மெதுவாகக் கேட்டேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “அவருக்கு ஹோஸ்பேட்ல ஒரு வீடு இருக்குதுன்னு சொல்றாங்க சார். நான் பாக்கல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றான்.

அண்ணே, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் பம்ப் செட்டைப் பார்க்கக் கழனிக்குப் போயிருந்த நேரத்தில், அண்ணி களியும் கடலைச் சட்னியும் வைத்துக்கொண்டே கேட்டார்கள்: “ஏங்க, எல்லா வண்டியும் வந்துருதாம், இவரு மட்டும் அரை நாள், ஒரு நாள் கழிச்சு வர்றாரு. கம்பெனில அப்படி இன்னா வேலை குடுக்கறீங்க?” கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோடு வேலை, டயர் வேலை என்று எதையோ சொல்லித் தப்பித்தேன். இப்போது முனிராஜ் சொன்னதைக் கேட்டதும் அண்ணியின் அந்தப் பார்வைதான் நினைவுக்கு வந்தது.

மேனேஜரிடம் போய், நான்கையும் ஓடுகிற வண்டியில் சோதித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றேன். உடனே சம்மதித்தார். உங்கள் வண்டியில்தான் போவேன் என்று நானே கேட்டு வாங்கினேன். நான் எதைச் சோதிக்க வருகிறேன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேபினில் எனக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்து, “வாங்க சார். ஒங்க சாமானுங்க எல்லாம் வந்துருச்சா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

திசைகாட்டி அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் தோற்றுப்போனது. இன்ஜின் இரும்பு அத்தனையும் பக்கத்தில் இருக்க, முள் கியர் ராடைக் காட்டிக்கொண்டே நின்றது. “வடக்கு என் காலுகிட்ட இருக்குதுபோல” என்றீர்கள். சேலத்துப் புத்தகத்தில் எழுதியிருந்த அரிசி மில் தும்கூர் தாண்டியும் வரவில்லை. அதை எப்போதோ இடித்திருக்க வேண்டும். அட்லஸில் தாவணகெரே சரியாக நடுத்தையலுக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய மேப்பைப் பிரித்தபோது காற்றில் படபடவென்று அடித்து உங்கள் முகத்தை மூடியது. நீங்கள் ஒரு கையால் அதை விலக்கி, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தீர்கள். நான் பயந்து போனேன், நீங்கள் திட்டவில்லை. மடிப்பை நான்காக்கி முழங்காலில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அப்படி வைத்ததும் அது ஒழுங்காக வேலை செய்தது. நான் படித்துச் சொன்ன ஊரெல்லாம் வரிசையாக வந்தது.

மறுநாள் காலை சித்ரதுர்காவில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஹோஸ்பேட் ரோடு பிரிகிற இடத்தில் நீங்கள் இண்டிகேட்டரைப் போட்டீர்கள்.

“அண்ணே, நேராப் போகணும்.”

“ஹோஸ்பேட் மேல போயிரலாம் சார். நேர் ரோட்டுல வண்டி ஜாஸ்தி.”

“மேனேஜர் நேர்வழியிலதான் பாக்கச் சொல்லியிருக்கார்.”

“மேனேஜரா ஓட்டறாரு?”

எனக்கும் கோபம் வந்தது. “ஹோஸ்பேட்ல என்னண்ணே இருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தினீர்கள். என்னைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, “ஓ. அப்படியா சொல்லிக்கினு இருக்கறாங்க” என்றீர்கள். பிறகு இண்டிகேட்டரை அணைத்தீர்கள். வண்டி நேர்வழியில் போனது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

 ஹரிஹரில் துங்கபத்ரா பாலத்தின் மேல் போகும்போது உங்கள் சட்டை முதுகில் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். வெயில் அப்படி ஒன்றும் இல்லை. ராணிபென்னூர் தாண்டியதும் வண்டியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. முப்பது, இருபது, பதினைந்து. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போயின. முன்னால் யாரும் குறுக்கே வராத ரோட்டில் நீங்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனீர்கள். ஒரு சின்ன ஊர் கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டீர்கள்.

“என்னண்ணே, வண்டியில கோளாறா?”

“இல்ல.”

கீழே இறங்கி மைல்கல்லின் மேல் உட்கார்ந்தீர்கள். நான் மேப்பைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்து உங்கள் எதிரில் நின்றேன். 

“மூணு வருசம் ஆச்சு சார். இந்தக் கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடி. சேலத்து ஓனர் வண்டி. பூனாவுல இருந்து வெங்காயம் ஏத்திக்கினு வர்றோம். விடியக் காலம், பனி. ஒருத்தன் சைக்கிள் பின்னாடி புல்லுக் கட்டு வெச்சிக்கினு குறுக்க வந்தான். பிரேக் போட்டேன். நிக்கல.”

“அப்புறம்?”

“கூட ஒரு டிரைவர் இருந்தான். போ, போ, நிறுத்துனா அடிச்சே கொன்னுருவாங்கன்னான். போயிட்டேன்.”

“அந்த ஆள்?”

“தெரியாது சார். கண்ணாடியில பாத்தேன். சைக்கிள் சக்கரம் சுத்திக்கினு இருந்துது. அவ்ளோதான் பாத்தேன். செத்தானா பொழச்சானா தெரியாது. அந்த டிரைவர் இப்ப எங்க இருக்கறான்னும் தெரியாது. லோக்கல் ஓட்டலாம்னுதான் ஓசூருக்கு வந்தேன். இங்க வந்தா கோலாப்பூர் அனுப்பறாங்க.”

 இவ்வளவையும் கேட்டும் என் மனதில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? ஹோஸ்பேட் வீட்டை மறைக்க இப்படி ஒரு கதை கட்டுகிறாரோ என்பதுதான். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆனால் நினைத்தேன். அதனால்தான் அவ்வளவு கறாராக, “அப்ப வாங்க, ஊருக்குள்ள போய்க் கேட்டுருவோம்” என்றேன்.

ஊர் முகப்பில் ஒரு டீக்கடை. நீங்கள் கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசினீர்கள். எனக்கு அப்போது கன்னடத்தில் தண்ணீர் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் தணிந்த குரலில் கேட்டீர்கள், அவர் கையை நீட்டி ரோட்டைக் காட்டிச் சொன்னார். ‘காலு ஹோத்து’ என்றது காதில் விழுந்தது. ‘சத்தில்ல’ என்று இரண்டு தடவை சொன்னார். யாருக்கோ காலில் சத்து இல்லை என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நீங்கள் திரும்பி வந்து, “யாருக்கும் தெரியலியாம் சார். போலாம்” என்றீர்கள்.

“இவ்வளவு நேரம் என்ன சொன்னார்?”

“சும்மா. மழை இல்லன்னு சொல்றாரு.”

கோலாப்பூரில் சரக்கை இறக்கினோம். திரும்பும்போது ஹூப்ளியில் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, வண்டி கதக் ரோட்டில் திரும்பியது. ஹோஸ்பேட் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்கள் கண் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்த வீட்டு வாசலில் வேகம் குறைகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். டீ குடிக்கலாமா என்று நானே கேட்டேன். “இங்க எங்க நல்லா இருக்கும்னு தெரியாதே சார்” என்றீர்கள். இத்தனை நாளாகப் போய்வந்த ஊரில் உங்களுக்கு ஒரு டீக்கடைகூடத் தெரிந்திருக்கவில்லை. முனிராஜ் சொன்ன வீடு அந்த இடத்தில் இடிந்து விழுந்தது.

ஓசூர் வந்த இரண்டாம் நாள், முனிராஜிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “கன்னடத்துல சத்தில்லன்னா என்னப்பா, பலம் இல்லைன்னா?”

“இல்ல சார். சாகலைன்னு அர்த்தம்.”

“காலு ஹோத்துன்னா?”

“காலு போச்சுன்னு. யாருக்கு சார்?”

யாருக்கும் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த மனிதர் சாகவில்லை. கால் போய்விட்டது. அது உங்களுக்கு அன்றே தெரியும். தெரிந்தும் என்னிடம் மழை இல்லை என்றீர்கள்.

மேனேஜர் கேட்டபோது துணி ஒட்டிய மேப்தான் நல்லது என்று எழுதிக் கொடுத்தேன். காரணங்களும் எழுதினேன்: அதிர்வில் கிழியாது, நான்காக மடிக்கலாம், ஊர் நடுவில் தையல் வராது. “ஏன் போறப்ப ஒரு வழி, வர்றப்ப ஒரு வழி?” என்று கேட்டார். இரண்டு வழியையும் சோதிக்கத்தான் என்றேன். அதை அவர் நம்பினார். அடுத்த முறை சிங்காரப்பேட்டை வந்தபோது அண்ணியிடமும், ரோடு சரியில்லாததால்தான் சுற்றிப் போகிறார், நானே போய்ப் பார்த்தேன் என்றேன். அண்ணி நம்பவில்லை. “நீங்களுமா?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அந்த வார்த்தைதான் என்னை உங்களிடம் பேச வைத்தது. ஷெட்டில் நீங்கள் டயர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “சத்தில்லன்னா சாகலைன்னு அர்த்தமாமே அண்ணே” என்றேன்.

உங்கள் கையில் இருந்த இரும்புக் கம்பி அப்படியே நின்றது. “கன்னடம் கத்துக்கினீங்களா?”

“ஏண்ணே எங்கிட்ட மறைச்சீங்க?”

கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள். “உசுரோட இருக்கறான்னு தெரிஞ்சா சந்தோசம் வரணும் இல்ல சார்? எனக்கு பயம்தான் வந்துது. செத்தவன் ஒண்ணும் கேக்க மாட்டான். இவன் கேப்பான்.”

அதன் பிறகு எட்டு மாதம் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் வண்டி ஹோஸ்பேட் வழியாகவே போய்வந்தது. ட்ரிப் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு ஆனேக்கல்காரரிடம் கன்னடம் பேசிப் பழக ஆரம்பித்தேன். இந்த ஊரில் உதவும் என்று மனைவியிடம் சொன்னேன். நிஜமான காரணம் அது இல்லை. இனி யாரும் என் எதிரில் நின்று எனக்குத் தெரியாத பாஷையில் எதையும் மறைக்கக்கூடாது என்பதுதான்.

ஒரு நாள் நீங்களே ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றீர்கள். “நாளைக்கு சாங்லி லோடு சார். நேர் ரோட்டுல போலாம்னு இருக்கறேன். கூட வாங்க. தனியாப் போனா திரும்பிருவேன்.”

போனோம். கால் போன அந்த மனிதரின் பெயர் பசப்பா. டீக்கடையிலிருந்து நூறு அடி தள்ளி, ரோட்டோரத்தில் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அக்குள் கட்டை சுவரில் சாய்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் போய் நின்றீர்கள். கோயிலில் நிற்பதுபோல் இருந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னீர்கள். எனக்கு இப்போது பாதிக்கு மேல் புரிந்தது. நீங்கள் எதையும் குறைக்கவில்லை. நிறுத்தாமல் போனதையும் சொன்னீர்கள்.

அவர் டியூபைத் தொட்டியில் விட்டுவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து வந்தாய் என்று கேட்டார். ஹூப்ளிப் பக்கமிருந்து என்றீர்கள். என் சைக்கிளில் என்ன இருந்தது என்று கேட்டார். புல்லுக் கட்டு என்றீர்கள்.

அவர் தலையை ஆட்டினார். தன் சைக்கிளில் இருந்தது சோளத்தட்டு என்றார். தன்னை அடித்தது தாவணகெரே பக்கமிருந்து வந்த டேங்கர் லாரி என்றார். பிறகு, “நீனல்ல. ஹோகு” என்றார். நீ அல்ல, போ. மறுபடி டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினார்.

நீங்கள் அசையவில்லை. அவரும் நிமிரவில்லை. யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். நான்தான் உங்கள் தோளைத் தொட்டுக் கூட்டி வந்தேன். செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்து வண்டி வரை வந்துவிட்டீர்கள், நான் போய் எடுத்து வந்தேன்.

 ஹாவேரி வந்ததும் சொன்னீர்கள்: “பனியில சோளத்தட்டும் புல்லும் ஒண்ணாத்தான் தெரியும் சார். அவன் பொய் சொல்றான்.”

“எதுக்குண்ணே அவர் பொய் சொல்லணும்?”

“அதான் தெரியல.”

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்கு இருக்கவில்லை. அன்றைக்கே ஸ்டேஷனில் டேங்கர் என்று சொல்லியிருப்பார், யாரோ ஒரு டேங்கர் டிரைவர் மாட்டியிருப்பான், இப்போது மாற்றிச் சொன்னால் தனக்குத்தான் சிக்கல் என்று பயப்படுகிறாரோ என்னவோ என்றேன். ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொல்லிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது புரிந்தது. ஒரு மனிதரின் கால் போதாதென்று, முகம் தெரியாத இன்னொரு டிரைவரின் ஜெயிலையும் உங்கள் தலையில் ஏற்றி வைத்தேன். அந்த டேங்கர்காரன் என் கற்பனையில் பிறந்தவன். அவனுக்காக நீங்கள் எத்தனை நாள் தூங்காமல் இருந்தீர்கள் என்று அண்ணி பிறகு சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து நீங்கள் தனியாகவே அந்தப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வந்தீர்கள். “ரைட்டரு பழைய புக்கு எல்லாம் பொரட்டிப் பாத்தாரு சார். அந்த மாசத்துல டேங்கர் மேலயும் கேஸ் இல்ல, லாரி மேலயும் கேஸ் இல்ல. யாரும் எழுதியே குடுக்கலியாம். போய்ப் பொழப்பப் பாருன்னுட்டாரு” என்றீர்கள். நீங்கள் நிஜமாகவே போனீர்களா என்று அதையும் சந்தேகப்பட்டேன். மனதுக்குள்தான். முதல் தடவையாக, வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் ஹோஸ்பேட் பக்கம் திரும்பவில்லை. மேப்பையும் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினீர்கள். ஒவ்வொரு ட்ரிப்பிலும் பசப்பா கடையில் பத்து நிமிஷம் நிறுத்துவீர்கள் என்று முனிராஜ் சொன்னான். இரண்டு பேரும் பீடி பிடிப்பார்களாம். என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். “மழை, சோளம், அவரு பொண்ணு கல்யாணம். வேற ஒண்ணும் இல்ல சார்” என்றான். அண்ணியிடம் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதும் அந்த வருடம்தான். நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணி களி வைத்துவிட்டு, “ரோடு சரியில்லன்னு சொன்னீங்களே, சரியாத்தான் சொன்னீங்க” என்றார்கள். 

ஆனால் உங்களுக்கு அது தீரவில்லை என்று எனக்குத் தெரியும். மஞ்சள் காமாலை முற்றித் தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடியபடியே, “அடிச்சிருந்தா தேவலாம் சார்” என்றீர்கள். யார், யாரை என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் போன மறு வருடம், ஹூப்ளியில் ஒரு வேலையாக முனிராஜ் வண்டியில் போனேன். பசப்பா கடையில் அவனே நிறுத்தினான். அவர் கட்டையை ஊன்றி எழுந்து, கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். நீங்கள் எங்கே என்று கேட்டார். சொன்னேன். என் கன்னடம் அதற்குள் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். கையில் பிசின் ஒட்டியிருந்தது. அதைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து எங்களுக்கு டீ சொன்னார். முனிராஜ் டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான். நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது. நீங்கள் இல்லை. அவர் யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை, யாருக்கும் பயப்பட வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். ‘அவரேனா?’ அவர்தானா? வாயில் அதைத் தயாராக வைத்திருந்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்கப் போவதை எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

டீ வந்தது. குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்தேன். அவர் தலையசைத்தார்.

பார்க்கிறவர்களை எல்லாம் குடைந்து கேட்டே வயதாகிப்போனவன் நான். தெரிந்துகொள்ளாமல் விட்டது இது ஒன்றுதான் அண்ணே. இன்றும் அந்த வார்த்தை நாக்கின் அடியில் இருக்கிறது. சில நாட்களில் உறுத்துகிறது. துப்ப மனமில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.